நாற்பத்தொன்றாம் குச்சி

எங்கள் ஆபீசில் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. தற்காலிகக் கொட்டகை, தற்காலிக மேடை, தற்காலிக வாயில் வளைவு என்று விண்ணப்பம் வரும். இருபது நாள் என்று எழுதிக் கொடுப்பார்கள். இருபதாம் நாள் போய் நின்றால், "என்ன மேடம், அதுக்குள்ளயா?" என்பார்கள். என்னவோ நான் அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரிக்க வந்தவள் மாதிரி. அரசாங்க மைதானம் என்றால் கேட்பாரில்லாத இடம் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. கேட்பதற்கு ஒருத்தி இருக்கிறாள். அது நான்தான்.

என் வேலை சின்ன வேலை. மைதானத்தில் யார் எதைக் கட்டினாலும் வரைபடத்தைப் பார்த்து அனுமதி எழுத வேண்டும். எத்தனை குழி தோண்டலாம் என்று குறிக்க வேண்டும். கொட்டகையைப் பிரித்த பிறகு குழிகளை மூடிவிட்டார்களா என்று பார்த்து, 'தரை பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது' என்று கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. தோண்டும் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் எண் எழுதிய முளைக்குச்சி ஒன்றை நடுவோம். முழ நீளம், சிவப்பு பெயிண்ட். குழியை மூடி, தண்ணீர் விட்டு, இடித்துக் கெட்டித்த பிறகுதான் கொட்டகைக்காரர்கள் குச்சியைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய குச்சிகள் சாக்கில் ஆபீசுக்கு வரும். அறுபத்துநாலு குச்சி போய் அறுபத்துநாலும் திரும்பி வந்தால் அறுபத்துநாலு குழியும் மூடியாகிவிட்டது என்று அர்த்தம். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கையெழுத்துப் போட எங்கள் பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்த வழி.

ஆறு வருடமாக நான் அப்படிச் செய்வதில்லை. பிரித்ததும் நானே மைதானத்தில் இறங்கி நடப்பேன். கையில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. மூடிய குழி ஒவ்வொன்றிலும் குத்திப் பார்ப்பேன். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால், திரும்பத் தோண்டி இடி என்பேன். காலில் விழுந்தாலும் விடமாட்டேன். கொட்டகைக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கம்பி மேடம். இதைவிட மோசமான பெயரும் ஒன்று இருக்கும், என் காதுபடச் சொல்ல அவர்களுக்குத் துணிச்சல் போதாது. புதிதாக வந்த மேலதிகாரி ஒரு கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "வேலைன்னா இவங்கள மாதிரி செய்யணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

ஏன் என்று சொல்கிறேன்.

ஆபீஸ் மைதானத்தின் ஓர் ஓரத்தில் இருக்கிறது. எங்கள் வீடு எதிர் ஓரத்துக்குப் பின்னால், இரண்டாவது தெரு. குறுக்கே நடந்தால் ஏழு நிமிடம். ரோடு வழியாகச் சுற்றினால் இருபத்தைந்து. வீடு அக்காவுடையது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்தான். கல்யாணமாகிப் போனபோது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். "பொண்ணு கேட்டேன், மச்சினிச்சிய இலவசமா குடுத்துட்டாங்க" என்று அத்தான் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். என்னை ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் வெளியே போக மாட்டார். நடக்கும்போது குடை நுனியைத் தரையில் டக், டக் என்று தட்டிக்கொண்டே வருவார். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா, "ராஜா வர்றார், பராக்கு" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், பொருட்காட்சி முடிந்து கொட்டகையைப் பிரித்த நாள். சாயங்காலம் மைதானத்துக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று எழுந்தேன். மழை பிடித்துக்கொண்டது. குடையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கொட்டகை ஆள் ஒருவன் சாக்கைக் கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே கொட்டினான். "எல்லாம் இருக்கு மேடம், எண்ணிக்குங்க." எண்ணினேன். அறுபத்துநாலு. இந்த மழையில் எவள் போவாள் என்று கையெழுத்துப் போட்டேன்.

அதே நேரத்தில் வீட்டில் அக்கா அத்தானிடம் சொல்லியிருக்கிறாள். "அவ குடைய எடுத்துட்டுப் போகலைங்க. ரோடு சுத்திப் போனீங்கன்னா அதுக்குள்ள நனைஞ்சுக்கிட்டே கெளம்பிடுவா. குறுக்கால போங்க."

நான் பக்கத்து மேசைக்காரியின் குடையில் ஒண்டிக்கொண்டு ரோடு வழியாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். "அத்தான் எங்கடி?" என்றாள் அக்கா. "என்னக் கேட்டா?" என்றேன் நான்.

மைதான வாயில் பக்கம் கிடந்தார். வளைவு நிறுத்தத் தோண்டிய ஆழக் குழி. மூடாமல் விட்டுவிட்டார்கள். மழைத் தண்ணீர் நிரம்பித் தரையோடு தரையாக இருந்திருக்கிறது. கால் உள்ளே போய், ஓரத்துக் கல்லில் தலை மோதி, முகம் தண்ணீரில் கிடந்தது. அவருடைய குடை விரிந்தபடி பத்தடி தள்ளிக் கிடந்தது. என் குடை மடித்தபடி, பட்டன் போட்டபடி, அவர் கையிலேயே இருந்தது.

விசாரணை வந்தது. அளந்தார்கள், படம் எடுத்தார்கள். குழிக்குப் பக்கத்தில் குச்சி இல்லை. ஆபீசில் குச்சி அறுபத்துநாலு, அனுமதியில் குழி அறுபத்துநாலு. வரைபடத்தை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. கணக்கு சரியாக இருக்கிறது, ஆகவே அது எங்கள் குழியே இல்லை, யாரோ வெளியாள் மண் எடுத்த குழி என்று முடிவு செய்தார்கள். 'இறந்தவர் கவனக்குறைவாகக் குறுக்கு வழியில் சென்றதால்' என்று எழுதி ஃபைலை மூடினார்கள். குழியை அதற்குப் பிறகுதான் மூடினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது நானும் அதை நம்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த கொட்டகைக்கு அனுமதி எழுதியாயிற்று. குச்சிகளை எண் வாரியாக அடுக்க உட்கார்ந்தேன். ஒரு குச்சி நெடுக்காகப் பிளந்து இரண்டு பாதியாக இருந்தது. இரண்டிலும் சிவப்பு பெயிண்ட். சேர்த்து வைத்துப் பார்த்தால் பதினேழு. அன்றைக்கு அவசரத்தில் நான் அதை இரண்டு என்று எண்ணியிருக்கிறேன். அப்படியென்றால் ஒரு குச்சி திரும்பி வரவேயில்லை. ஒன்றிலிருந்து அடுக்கிக்கொண்டே போனேன். நாற்பதுக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டு வந்தது. வரைபடத்தை விரித்தேன். நாற்பத்தொன்று, வாயில் வளைவின் இடது கால்.

அன்று மதியமே இரண்டு புதுக் குச்சிகளுக்குச் சிவப்பு அடித்து, பதினேழு, நாற்பத்தொன்று என்று எழுதிச் சாக்கில் போட்டேன். பிளந்த பாதிகளைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். எரிக்க மனம் வரவில்லை, காட்டத் தைரியம் வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன் என நினைப்பீர்கள். வேலை போனால் மயிரே போயிற்று. அக்கா போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மழை வந்தால் போதும், அக்கா ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். "நான்தானேடி குறுக்கால போகச் சொன்னேன். என் வாயாலதானே அனுப்பினேன்." இதையே சொல்லிச் சொல்லி அழுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுக்கா, விதி. நீ என்ன செய்வே" என்பேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்கின. அவர் கையிலிருந்த என் குடையை அக்கா கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள். பட்டனைக்கூட அவிழ்க்க விடமாட்டாள். மைதானத்தில் அதற்குப் பிறகு அவள் காலே வைத்ததில்லை. கடைக்கென்றாலும் மருந்துக்கென்றாலும் ரோட்டைச் சுற்றித்தான் போவாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? என் நெஞ்சு கணக்குப் போட்டது. கம்பியை எடுத்துக்கொண்டு மூடிய குழிகளை எண்ணத் தொடங்கிய முதல் நாளே ஒன்று கூடுதலாக வந்தது. வரைபடத்தில் நாற்பத்தெட்டு, என் கணக்கில் நாற்பத்தொன்பது. திரும்ப முதலிலிருந்து நடந்தேன். நாற்பத்தொன்பது. அடுத்த கொட்டகையில் முப்பது இருந்தால் எனக்கு முப்பத்தொன்று. எந்தக் குழி கூடுதல் என்று தேடினால் கிடைக்காது. கம்பி இறங்கும்போது கை உணரும், கண் பார்க்கும், எல்லாம் சரியாக இருக்கும், கடைசியில் ஒன்று மிஞ்சும். சில நாள் பின்னால் டக், டக் என்று கேட்கும். திரும்பினால் வெறும் மைதானம். முதல் வருடம் உடம்பெல்லாம் நடுங்கியது. அப்புறம் மனுஷ ஜென்மம் எதற்குத்தான் பழகாது? வந்த கணக்கில் ஒன்றைக் கழித்து எழுதப் பழகிவிட்டேன். 'வாங்க அத்தான், உங்களையும் எண்ணிட்டேன், போதுமா' என்று மனசுக்குள் சொல்லிவிட்டுக் கழித்துவிடுவேன்.

இந்த வருடம் அதே பொருட்காட்சி திரும்பவும் வந்தது. கொட்டகைக்காரர் வேறு, வரைபடம் பழைய வரைபடம். குழி அறுபத்துநாலு. வளைவை மட்டும் ஆறடி உள்ளே தள்ளிப் போடச் சொன்னேன். காரணம் கேட்டார். அரசாங்க உத்தரவு என்றேன். உத்தரவு போட்ட அரசாங்கம் நான்தான்.

பிரித்த மறுநாள் காலை. நல்ல வெயில், ஊதல் காற்று. பதினோரு மணிக்குள் சான்றிதழைக் கொண்டுவந்து வை என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். ஓடி வந்த அவசரத்தில் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன். கிட்டத்தில் உள்ளது எல்லாம் மங்கல், எழுத்து எறும்பாக ஊரும். அதனாலென்ன, குத்திப் பார்ப்பது கைதானே என்று கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மேஸ்திரி குச்சிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். வாய் ஓயாத மனுஷன்.

"மேடம், நீங்க குத்துற குத்துல பூமிக்கே வலிக்கும் போல."

"வலிச்சா அது சொல்லட்டும். நீங்க ஏன் கத்துறீங்க?"

"இல்ல மேடம், போன ஊர்ல எல்லாம் குச்சிய எண்ணிட்டு விட்டுடுவாங்க."

"அந்த ஊர்லயே இருந்திருக்கலாமே."

அவர் அதற்கும் சிரித்தார். நான் எண்ணிக்கொண்டே போனேன். கடைசி வரிசை முடிந்து நிமிர்ந்தபோது என் கணக்கு அறுபத்தாறு.

ஒன்று கூடுதல் என்றால் எனக்குப் பழக்கம். இரண்டு என்றால்? ஏதோ சதுரமாகக் கிடந்ததையும் சேர்த்து எண்ணிவிட்டேனோ, கண்ணாடி இல்லாத கோளாறோ என்று நினைத்தேன். திரும்ப நடக்கலாம். மணி பத்தே முக்கால். கோபம் வந்தது எனக்கு, யார் மேல் என்று தெரியாத கோபம். ஆறு வருஷமா ஒண்ணு கேட்டீங்க, குடுத்தேன், இப்ப ரெண்டா என்று பல்லைக் கடித்தேன். "சாக்குல எத்தன?" என்று கேட்டேன். "அறுபத்துநாலு, சுத்தமா" என்றார் மேஸ்திரி. இரண்டைக் கழித்தேன். பலகைமேல் தாளை வைத்து, எழுத்துத் தெரியாமலே, கோட்டின் மேல் குத்துமதிப்பாகக் கையெழுத்துப் போட்டேன்.

பேனாவை மூடி நிமிர்ந்தேன். எதிர் ஓரத்திலிருந்து யாரோ மைதானத்தின் குறுக்கே வந்துகொண்டிருந்தார்கள். தூரப்பார்வை எனக்கு நன்றாகவே இருக்கும். அக்கா. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் என் கண்ணாடிக் கூட்டை உயர்த்திக் காட்டிக்கொண்டு, அரை ஓட்டமாக. ஆறு வருடமாகக் கால் வைக்காத மைதானத்தில்.

"ஐயையோ, அந்தம்மா தகரத்துப் பக்கமா வர்றாங்களே!" என்றார் மேஸ்திரி.

"என்ன தகரம்?"

"அது வந்து மேடம், காத்து அடிச்சதுல வளைவு ஆடுச்சு. அதான் முட்டு குடுக்க ஒரு கம்பம் எக்ஸ்ட்ராவா... குழி இன்னும் மூடல. ஆளுங்க லாரியோட போயிட்டாங்க, நாளைக்கு மூடிக்கலாம்னு மேல தகரத்தப் போட்டு..."

வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. அக்கா என்று கத்த நினைக்கிறேன், தொண்டைக்குள் யாரோ மண்ணை அள்ளிப் போட்டு இடித்துக் கெட்டித்த மாதிரி அடைத்துக்கொண்டது. கம்பியைப் போட்டுவிட்டு ஓடினேன். அக்கா தகரத்துக்கு நாலடி இருக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டடி. அப்புறம் சட்டென்று நின்றாள். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

நான் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மேஸ்திரி தகரத்தைப் புரட்டினார். ஓர் ஆள் நெஞ்சு உயரத்துக்குக் குழி, அடியில் கருங்கல்.

"ஏங்க்கா நின்னே?" என்றேன். குரல் இப்போதுதான் வந்தது.

"தட்டுற சத்தம் கேட்டுச்சுடி." அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டக் டக்குன்னு. அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து."

மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. அவருக்கு வாய் ஓய்ந்தது அப்போதுதான்.

"இங்கதானே?" என்றாள் அக்கா. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது. வளைவை உள்ளே தள்ளி வைக்கச் சொன்னேனே, அதற்கு முட்டுக் கொடுக்கிறேன் என்று சரியாக அந்தப் பழைய இடத்திலேயே தோண்டியிருந்தார்கள். குழியின் ஓரத்தில் ஒரு முளைக்குச்சி நின்றது. கறுத்துப்போய், பாதி மக்கி, சிவப்பு மட்டும் அங்கங்கே திட்டாக.

"இது என்ன?" என்றேன் மேஸ்திரியிடம்.

"தோண்டும்போது உள்ளேருந்து வந்துச்சு மேடம். உங்க ஆபீஸ் குச்சியாச்சே, குழிக்கு அடையாளமா இருக்கட்டும்னு நட்டு வெச்சோம்."

அக்கா குனிந்து அதைப் பிடுங்கினாள். முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். "நாப்பத்தொண்ணு போட்டிருக்கே" என்றாள். அப்புறம் மேஸ்திரியின் சாக்கைப் பார்த்தாள். என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு எங்கள் ஆபீஸ் வழக்கம் எல்லாம் தெரியும். சாக்குக்குள் கையை விட்டுத் தேடி இன்னொன்றை எடுத்தாள். என் கையெழுத்தில் நாற்பத்தொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள்.

"ஏண்டி ரெண்டு இருக்கு?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். பழசு தொலைந்தது, புதுசு செய்தோம் என்றால் முடிந்துவிடும். பொய்யும் இல்லை. ஆறு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? ஆனால் பலகையில் நான் சற்று முன் போட்ட கையெழுத்து ஈரம் காயாமல் இருந்தது. இன்னும் இரண்டடி வந்திருந்தால் அதே குழியில், அதே கையெழுத்தால், இவளும் போயிருப்பாள். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தேன். பிளந்த பாதிகளை அவள் உள்ளங்கையில் வைத்தேன். சொன்னேன். ஒன்றை இரண்டாக எண்ணியதை, நாற்பத்தொன்று வராததை, புதுக் குச்சிக்குச் சிவப்பு அடித்ததை, எல்லாவற்றையும். அழுதுகொண்டே சொன்னேனா என்று நினைவில்லை. மேஸ்திரி மெல்ல நகர்ந்து போய்த் தூரமாக நின்றார்.

நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா பிளந்த பாதிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அப்ப அது உங்க குழிதான்."

"ஆமாக்கா."

"அன்னிக்கு நீ வந்து பாக்கல."

"இல்லக்கா."

"மழைன்னா?"

"குடை இல்லன்னு..."

"குடை வந்துகிட்டு இருந்துச்சுடி," என்றாள் அக்கா.

காற்று அடித்தது. தகரம் ஒரு பக்கம் எழும்பி எழும்பி விழுந்தது.

"அடிக்கணும்னா அடிக்கா."

"நான் அனுப்பினேன், நான் அனுப்பினேன்னு ஆறு வருஷம் அழுதேன். ஒவ்வொரு தடவையும் நீ பக்கத்துல உக்காந்து என் முதுகத் தடவிக் குடுத்தே." அவள் குரல் ஏறவே இல்லை. "விதின்னு சொன்னே. உன் கை சூடு இன்னும் என் முதுகுல இருக்குடி. அத நான் எங்க போய்க் கழுவுவேன்?"

நான் அவள் காலைப் பிடிக்கக் குனிந்தேன். அவள் ஓரடி பின்னால் போனாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"போட்டுக்க. எழுது."

"என்னத்தக்கா?"

"நடந்தத. குறுக்கால போனதால செத்தார்னு எழுதியிருக்காங்கல்ல? அத மாத்தி எழுது. நான் நிக்கிறேன்."

சான்றிதழைக் கிழித்தேன். பலகையில் வேறு தாளை வைத்து, நின்றபடியே எழுதினேன். இன்றைய குழியைப் பற்றிப் பாதிப் பக்கம், ஆறு வருடத்துக்கு முந்தைய குழியைப் பற்றி இரண்டு பக்கம். என் பெயர், என் பதவி, என் கையெழுத்து. அக்கா வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். 'கவனக்குறைவு இறந்தவருடையது அன்று, என்னுடையது' என்ற வரியில் விரல் கொஞ்சம் நின்றது. பழைய நாற்பத்தொன்றை இடுப்பில் செருகிக்கொண்டாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள். திரும்பி, வந்த வழியே, மைதானத்தின் குறுக்கே நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் டக், டக் என்று கேட்டது. காற்றில் தகரம் அடித்ததாக இருக்கலாம் என்று தகரத்தைப் பார்த்தேன். மேஸ்திரி அதன்மேல் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சத்தம் அவளோடேயே போய், எதிர் ஓரத்தில் தேய்ந்து மறைந்தது. அத்தான் என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. பார்ப்பார் என்று நான் எப்படி எதிர்பார்க்கலாம்?

மேஸ்திரியை வைத்தே அந்தக் குழியை மூடி, தண்ணீர் விட்டு, இடித்துக் கெட்டிக்கச் செய்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து எண்ணினேன். அறுபத்தைந்து. திரும்ப எண்ணினேன். அறுபத்தைந்துதான். கழிக்க ஒன்றும் இல்லை. ஆறு வருடமாக ஒழிந்தால் போதும் என்று நினைத்தது ஒழிந்துவிட்டது. நான் அந்த வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதேன்.

தாள்களை மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். இரண்டாம் பக்கத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இத நீங்க எழுதணும்னு அவசியமே இல்லையே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். தெரிய வேண்டியவளுக்குத் தெரிந்துவிட்டது என்றேன். நாளையிலிருந்து வரவேண்டாம், விசாரணைக்குக் கூப்பிடும்போது வந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். கம்பியை மூலையில் சாத்திவிட்டு இறங்கினேன்.

மைதானத்தில் இறங்கக் கால் வரவில்லை. ரோடு வழியாகச் சுற்றிப் போனேன். இருபத்தைந்து நிமிடம். ஆறு வருடம் அக்கா இந்த நடையைத்தான் நடந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் என் காலுக்குத் தெரிந்தது.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசற்படியில் என் குடை இருந்தது. மடித்தபடி, பட்டன் போட்டபடி. ஆணியில் தொங்கியபோது படிந்த தூசியைக்கூடத் துடைத்திருந்தாள். பக்கத்தில் என் துணிப்பை.

"அக்கா," என்றேன் கதவில் வாய் வைத்து.

கதவுக்கு மிகப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். மூச்சு கேட்டது.

"அவர் உனக்குக் கொண்டுவந்ததுடி அது," என்றாள். "எடுத்துக்கிட்டுப் போ."